முதல் மகளிர் கால்பந்து உலகக் கோப்பை எது? 1991-ஆ, 1971-ஆ?

வெள்ளைக்கோடு:
எங்கள் பள்ளி விளையாட்டு விழாவுக்கு வினாடி வினா தயாரிக்கும் வேலை இந்த வருஷம் என் தலையில் விழுந்திருக்கிறது. 'மகளிர் கால்பந்து உலகக் கோப்பை முதன்முதலில் நடந்த ஆண்டு எது?' என்று ஒரு கேள்வி வைத்தேன். விடை 1991, சீனா. பொது அறிவுப் புத்தகங்களில் அப்படித்தான் இருக்கிறது. தாளைச் சரிபார்த்த சக ஆசிரியர் 1971, மெக்சிகோ என்கிறார். அந்த இறுதி ஆட்டத்தைப் பார்க்க ஒரு லட்சம் பேருக்கு மேல் வந்தார்களாம். ஒரு லட்சம் பேர் பார்த்த உலகக் கோப்பை எப்படிப் புத்தகத்தில் ஏறாமல் போகும்? அவர் கதை விடுகிறாரா, அல்லது நான்தான் கிணற்றுத் தவளையா? திங்கட்கிழமை தாள் அச்சுக்குப் போக வேண்டும்.

ஆஃப்சைடு அய்யாசாமி:
1991. உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா நடத்தியது. நவம்பர் 16 முதல் 30 வரை, சீனாவின் குவாங்டாங் மாகாணம். 12 அணிகள். இறுதி ஆட்டம் குவாங்சோ தியான்ஹே மைதானத்தில், அமெரிக்கா 2, நார்வே 1. இரண்டு கோலும் மிஷெல் ஏக்கர்ஸ் போட்டது. தொடர் முழுக்க அவர் கணக்கில் 10 கோல். விடையை மாற்றாமல் அனுப்புங்கள். 1971 யாரோ காசு பார்க்க நடத்திய கண்காட்சி.

பழைய ஸ்டாப்பர்:
வெள்ளைக்கோடு, உங்கள் சக ஆசிரியருக்கு என் வணக்கம். அவர் கதை விடவில்லை.

1971 ஆகஸ்ட் 15-இல் தொடங்கி செப்டம்பர் 5 வரை மெக்சிகோவில் நடந்தது. மெக்சிகோ, அர்ஜென்டினா, இங்கிலாந்து, டென்மார்க், பிரான்ஸ், இத்தாலி என ஆறு அணிகள். முந்தின வருஷம்தான் அதே நாட்டில் பெலேயின் பிரேசில் கோப்பையை வென்றிருந்தது. ஊரில் அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை. ஃபிஃபாவுக்குப் பெண்கள் தொடர் பிடிக்கவில்லை. மெக்சிகோ கூட்டமைப்பின் கட்டுப்பாட்டில் இருந்த மைதானங்கள் எதுவும் கிடைக்காது என்றாகிவிட்டது. ஆனால் மெக்சிகோ சிட்டியின் அஸ்டெக்காவும் குவாடலஹாராவின் ஹலிஸ்கோவும் அந்தக் கட்டுப்பாட்டுக்குள் வரவில்லை. சின்ன மைதானங்களைத் தரமாட்டேன் என்றார்கள், பெண்கள் நாட்டிலேயே பெரிய மைதானத்தில் போய் ஆடினார்கள்!

இறுதி ஆட்டம் டென்மார்க் 3, மெக்சிகோ 0. மூன்று கோலையும் போட்டவர் சூசன் அகஸ்டசன், வயது பதினைந்து. அந்த வயதில் நான் ஊர் டோர்னமெண்டில் கோல் போஸ்டுக்குப் பின்னால் நின்று பந்து பொறுக்கிக்கொண்டிருந்தேன். அன்று அஸ்டெக்காவில் இருந்தவர்கள் சுமார் 1,10,000 பேர்.

அர்ஜென்டினா பெண்கள் பயிற்சியாளர் இல்லாமல், மருத்துவர் இல்லாமல் வந்து இறங்கியவர்கள். ஆகஸ்ட் 21 அன்று இங்கிலாந்தை 4-1 என்று அடித்தார்கள், நான்கும் எல்பா செல்வா போட்டது. அந்தத் தேதியைத்தான் இன்று அர்ஜென்டினாவில் கால்பந்து வீராங்கனைகள் தினமாகக் கொண்டாடுகிறார்கள். நடக்காத கண்காட்சிக்கா தினம் கொண்டாடுவார்கள், அய்யாசாமி அண்ணே?

ஆஃப்சைடு அய்யாசாமி:
நடக்கவில்லை என்று நான் எங்கே சொன்னேன்? நடந்தது. ஆனால் அது உலகக் கோப்பை இல்லை என்கிறேன். பணம் போட்டது மார்ட்டினி அண்ட் ரோஸ்ஸி என்ற மது நிறுவனம். கோல் போஸ்டுக்கு இளஞ்சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்தார்கள், பெண்கள் ஆட்டமாம். இங்கிலாந்து என்று வந்தது அந்த நாட்டு அணியே கிடையாது. ஹாரி பாட் என்ற மனிதர் தானாகத் திரட்டிக்கொண்டு போன பிள்ளைகள். அதில் ஒரு பெண்ணுக்கு வயது 13. நாளைக்கு நான் எங்கள் தெருப் பையன்களைக் கூட்டிக்கொண்டு போய் 'இந்தியா' என்று ஆடினால் ஒத்துக்கொள்வீர்களா?

பழைய ஸ்டாப்பர்:
நல்ல கேள்வி. ஆனால் அவர் ஏன் தானாகத் திரட்டினார்? அதிகாரபூர்வ அணி என்று ஒன்று இருந்தால்தானே அனுப்ப!

1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலின் குடிசன் பார்க்கில் டிக் கெர் லேடீஸ் ஆடிய ஆட்டத்துக்கு 53,000 பேர் வந்தார்கள். ஆயுதத் தொழிற்சாலையில் வேலை பார்த்த பெண்கள் தொடங்கிய அணி அது. வசூல் தர்மத்துக்குப் போனது. அடுத்த வருஷம், 1921 டிசம்பர் 5, இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் தன் உறுப்பு கிளப்புகளின் மைதானங்களில் பெண்கள் ஆடக் கூடாது என்று தடை போட்டது. கால்பந்து பெண்களுக்குப் பொருத்தமில்லாத ஆட்டம் என்று காரணம் சொன்னார்கள். தடை ஐம்பது வருஷம் நீடித்தது. மேற்கு ஜெர்மனியில் 1955 முதல் 1970 வரை தடை. பிரேசிலில் 1941-இல் அரசாணையே போட்டார்கள், 1979 வரை இருந்தது. நாட்டுக்கு நாடு ஆட்டத்தையே தடுத்து வைத்துவிட்டு, அதிகாரபூர்வ அணி எங்கே என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

நீங்கள் சொன்ன 13 வயதுப் பெண் லியா கேலப். மெக்சிகோ சிட்டியில் அந்தப் பிள்ளைகளிடம் கையெழுத்து வாங்கக் கூட்டம் முண்டியடித்தது. ஊர் திரும்பியதும் வீராங்கனைகளுக்குச் சில மாதத் தடை. ஹாரி பாட் அதன்பின் தலையெடுக்கவே இல்லை. இங்கிலாந்தின் 'அதிகாரபூர்வ' மகளிர் அணி முதன்முதலில் ஆடியது 1972 நவம்பரில், ஸ்காட்லாந்தோடு. அதற்கு முந்தின வருஷம் அஸ்டெக்காவில் ஆடியவர்கள் கணக்கிலேயே இல்லை.

ரத்னா டீச்சர்:
குறுக்கிடுகிறேன், மன்னிக்கவும். நான் உடற்கல்வி ஆசிரியை. 1991-ஐப் பற்றிப் பேசும்போது ஒன்றை விட்டுவிட்டீர்கள். அந்தத் தொடரில் ஒரு ஆட்டம் 80 நிமிஷம்தான். பெண்களுக்கு 90 நிமிஷம் தாங்காதென்று நினைத்தார்கள். 1995-இல் சுவீடனில்தான் 90 ஆயிற்று. அப்போதும் சும்மா விடவில்லை, பாதிக்கு ஒரு முறை இரண்டு நிமிஷம் 'டைம் அவுட்' எடுக்கலாம் என்று ஒரு பரிசோதனை. ஆண்கள் உலகக் கோப்பையில் பரிசோதிக்கத் தைரியம் வராததையெல்லாம் இங்கே செய்து பார்ப்பார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் பள்ளியில் பெண்கள் ஆட்டத்துக்குப் பாதிக்கு இருபது நிமிஷம்தான் கொடுத்தார்கள். ஏன் என்று கேட்டதற்கு வெயில் என்றார்கள். அதே வெயிலில் பையன்கள் முப்பத்தைந்து நிமிஷம் ஆடினார்கள்.

வெள்ளைக்கோடு:
80 நிமிஷமா! இதையே கேள்வியாக வைக்கலாம் போலிருக்கிறதே.

பழைய ஸ்டாப்பர்:
வையுங்கள், கூடவே இன்னொன்றும். 1991-இல் அந்தத் தொடருக்கு 'உலகக் கோப்பை' என்று பெயரே இல்லை. எம் அண்ட் எம்ஸ் கோப்பைக்கான மகளிர் கால்பந்து உலகச் சாம்பியன்ஷிப் என்று ஒரு நீளப் பெயர். எம் அண்ட் எம்ஸ் என்றால் அந்தக் கலர் கலர் சாக்லெட். உலகக் கோப்பை என்பது பின்னாளில் ஒட்டிக்கொண்ட பெயர். மது கம்பெனி பணம் போட்டால் கண்காட்சி, மிட்டாய் கம்பெனி பணம் போட்டால் வரலாறா, அண்ணே?

ஆஃப்சைடு அய்யாசாமி:
ஸ்பான்சரை விடுங்கள், அது என் வாதத்தில் ஓட்டைதான், ஒப்புக்கொள்கிறேன். தகுதிச் சுற்றுக்கு வாருங்கள். 1991-க்கு ஒவ்வொரு கண்டத்திலும் தகுதிச் சுற்று நடந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து நைஜீரியா வந்தது, ஓஷியானியாவிலிருந்து நியூசிலாந்து வந்தது. 1971-இல் ஐரோப்பாவும் லத்தீன் அமெரிக்காவும் மட்டும். ஆசியா இல்லை, ஆப்பிரிக்கா இல்லை. அது எப்படி உலகம் ஆகும்?

பழைய ஸ்டாப்பர்:
1930 ஆண்கள் உலகக் கோப்பையில் ஆசியாவும் ஆப்பிரிக்காவும் எங்கே இருந்தன? 13 அணிகள், எல்லாம் ஐரோப்பா, அமெரிக்கக் கண்டங்கள். அதை உலகக் கோப்பை இல்லை என்று நீங்கள் சொல்லிக் கேட்டதில்லை.

தகுதிச் சுற்று 1971-க்கும் நடந்தது. 1971 ஏப்ரல் 17, பிரான்சின் ஆஸ்புரூக் என்ற சிற்றூர், பிரான்ஸ் 4, நெதர்லாந்து 0. ஃபிஃபா பின்னாளில் அங்கீகரித்த முதல் மகளிர் சர்வதேச ஆட்டம் இதுதான். அது மெக்சிகோவுக்கான தகுதி ஆட்டம்! வாசற்படி வரலாற்றில் இருக்கிறது, வீட்டைக் காணோம்.

ஆஃப்சைடு அய்யாசாமி:
இது எனக்குப் புதுசு. யோசிக்க வேண்டும்.

பாலக்காட்டு எக்ஸ்பிரஸ்:
நம் பக்கத்துக் கதை ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஆசியப் பெண்கள் சாம்பியன்ஷிப்பைத் தொடங்கியது ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு இல்லை. ஆசியப் பெண்கள் கால்பந்துக் கூட்டமைப்பு என்று தனியாக ஒன்று இருந்தது. 1975-இல் ஹாங்காங்கில் முதல் தொடர், நியூசிலாந்து தாய்லாந்தை 3-1 என்று வென்றது. நியூசிலாந்து ஆசியாவில் எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள்.

அந்தத் தொடர்தான் 1980 ஜனவரியில் கோழிக்கோட்டுக்கு வந்தது. கணக்கில் 1979 என்று போடுவார்கள், தள்ளிப்போய் நடந்தது. இந்தியா இறுதி ஆட்டம் வரை போய் தைவானிடம் 2-0 என்று தோற்றது. 1983-இல் பாங்காக்கில் மறுபடியும் இறுதி ஆட்டம், தாய்லாந்திடம் 3-0. ஆக நம் பெண்கள் இரண்டு முறை ஆசியாவின் இரண்டாம் இடம். அந்த அணியில் இருந்த சாந்தி மல்லிக்குக்கு 1983-இல் அர்ஜுனா விருது கிடைத்தது.

அந்தத் தனிக் கூட்டமைப்பு 1986-இல்தான் பெரிய கூட்டமைப்போடு சேர்ந்தது. ஆனாலும் 1975-இலிருந்து எல்லாத் தொடரையும் இன்று தங்கள் வரலாறாகவே எழுதுகிறார்கள். வெற்றியாளர் பட்டியலில் முதல் பெயர் நியூசிலாந்துதான். ஆசியா செய்ததை ஃபிஃபாவால் செய்ய முடியாதா? வெளியே யாரோ நடத்திய தொடர் என்றால் கசக்கிறது போல.

பழைய ஸ்டாப்பர்:
எக்ஸ்பிரஸ், கலக்கிவிட்டீர்கள். இந்தக் கோணம் எனக்குத் தோன்றவே இல்லை.

மூணாவது பெனால்டி:
1971, 1991 எல்லாம் சரி, உலகத்துக்கே பெண்கள் கால்பந்து தெரிய வந்தது 1999-இல்தான். அமெரிக்காவின் ரோஸ் பௌல் மைதானத்தில் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்துக்கு 90,185 பேர். ஆரம்பத்தில் சின்ன மைதானங்கள் போதும் என்றுதான் திட்டம். 1996 ஒலிம்பிக் இறுதி ஆட்டத்துக்கு 76,000 பேர் திரண்டதைப் பார்த்துப் பெரிய மைதானங்களுக்கு மாற்றினார்கள்.

அமெரிக்காவும் சீனாவும் மோதிய அந்த இறுதி ஆட்டத்தை இருபது தடவையாவது பார்த்திருப்பேன். கூடுதல் நேரத்தில் ஃபான் யுன்ஜியே தலையால் முட்டிய பந்து கோல்கீப்பரைத் தாண்டிவிட்டது. கோல் கோட்டில் நின்ற கிறிஸ்டின் லில்லி தலையாலேயே தட்டி வெளியேற்றினார். அப்போது தங்க கோல் விதி, உள்ளே போயிருந்தால் அந்த நொடியிலேயே கோப்பை சீனாவுக்கு. 0-0, பெனால்டி. சீனாவின் மூன்றாவது உதையை லியு யிங் அடித்தார், பிரியானா ஸ்கர்ரி பாய்ந்து தடுத்தார். அடிக்கும் முன்பே ஸ்கர்ரி கோல் கோட்டைத் தாண்டி முன்னால் வந்துவிட்டார். வீடியோவில் பட்டப்பகல் மாதிரித் தெரியும். நடுவர் கண்டுகொள்ளவில்லை. 5-4. பிராண்டி சாஸ்டெய்ன் கடைசி உதையை இடது காலால் அடித்துவிட்டு சட்டையைக் கழற்றிச் சுழற்றிய படம்தான் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. லியு யிங்கை யார் நினைக்கிறார்கள்? என் பெயருக்கு இதுதான் காரணம், ரொம்பப் பேர் கேட்டுவிட்டீர்கள்.

இருபது வருஷம் கழித்து, 2019-இல் பிரான்ஸில் இதே குற்றத்துக்கு வீடியோ நடுவர் வந்தார். அர்ஜென்டினாவோடு 3-0 என்று முன்னிலையில் இருந்த ஸ்காட்லாந்து, 3-2 ஆன பிறகு கடைசி நேரப் பெனால்டியை கோல்கீப்பர் தடுத்தும் தப்பவில்லை. கால் கோட்டில் இல்லை, மறுபடி அடி என்றார்கள். 3-3, ஸ்காட்லாந்து வெளியே. 1999-இல் அந்த இயந்திரம் இருந்திருந்தால்!

மட்டுறுத்துநர்:
மூணாவது பெனால்டி, இந்த மேட்சுக்கு ஏற்கெனவே நான்கு இழைகள் ஓடுகின்றன. தலைப்புக்கு வருவோம்.

நைட் ஷிஃப்ட்:
தலைப்பை விட்டு நானும் கொஞ்சம் நகர்கிறேன், ஒரே ஒரு பதிவு. 2011 இறுதி ஆட்டம் பிராங்க்ஃபர்ட்டில், நம் நேரத்துக்கு நள்ளிரவு தாண்டி. இரவுப் பணியில் கண்காணிப்பு அறையில் ஒரு ஓரத்தில் ஓடவிட்டுப் பார்த்தேன்.

ஜப்பானில் மார்ச் 11-இல் நிலநடுக்கமும் சுனாமியும் வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. காலிறுதியில் போட்டியை நடத்திய ஜெர்மனியோடு ஆட்டம். அதற்கு முந்தின இரண்டு உலகக் கோப்பையும் ஜெர்மனிக்குத்தான்; 2007-இல் ஒரு கோல்கூட வாங்காமல் ஜெயித்த அணி. கூடுதல் நேரத்தில் கரினா மருயமா போட்ட ஒரே கோலில் ஜெர்மனி காலி. இந்த மருயமா முன்பு ஆடிய கிளப், ஃபுகுஷிமா அணு உலையை நடத்திய அதே மின் நிறுவனத்தின் அணி. அது தெரிந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

அமெரிக்காவை ஜப்பான் அதுவரை ஒருமுறைகூட வென்றதில்லை. இறுதி ஆட்டத்தில் இரண்டு முறை பின்தங்கி இரண்டு முறையும் சமன் செய்தார்கள். 117-ஆவது நிமிஷம், மியமா அடித்த கார்னர், 32 வயது ஹோமாரே சவா முதல் போஸ்ட் பக்கம் ஓடி வந்து காலின் வெளிப்புறத்தால் ஒரு தட்டு. பந்து எப்படி உள்ளே போனது என்று இன்றைக்கும் புரியவில்லை. நான் கத்தியதில் பக்கத்து அறையிலிருந்து செக்யூரிட்டி அண்ணன் ஓடி வந்துவிட்டார். பெனால்டியில் 3-1.

அடுத்த வருஷம் ஒலிம்பிக்குக்கு ஐரோப்பா போகும்போது உலகச் சாம்பியன்களான இந்தப் பெண்கள் விமானத்தில் எகானமி வகுப்பு, ஜப்பான் ஆண்கள் அணி பிசினஸ் வகுப்பு. அவ்வளவுதான், நான் வேலைக்குப் போகிறேன்.

ரத்னா டீச்சர்:
2011 பற்றிப் படித்ததும் கண் கலங்கிவிட்டது. எகானமி வகுப்பு விஷயம் எனக்குப் புதிதில்லை. 2015-இல் கனடாவில் மொத்தத் தொடரையும் செயற்கைப் புல்தரையில் ஆடவைத்தார்கள். விழுந்தால் தோல் உரியும். வீராங்கனைகள் வழக்கே போட்டார்கள், பலன் இல்லாமல் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அந்தத் தரையில்தான் அமெரிக்காவின் கார்லி லாயிட் ஜப்பானுக்கு எதிராகப் பதினாறு நிமிஷத்துக்குள் மூன்று கோல் போட்டார், அதில் ஒன்று நடுக்கோட்டிலிருந்து அடித்தது.

நவிமும்பை நாடோடி:
இப்போதாவது எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். 2023-இல் 32 அணிகள், மொத்தப் பரிசுத் தொகை 11 கோடி டாலர். அதற்கு முந்தின ஆண்கள் கோப்பையில் 44 கோடி. ஜமைக்கா அணிக்காக ஒரு வீராங்கனையின் அம்மா இணையத்தில் நிதி திரட்டினார். அந்த அணிதான் ஒரு கோல்கூட வாங்காமல் குழுச் சுற்றைத் தாண்டி, பிரேசிலையும் அதன் நட்சத்திரம் மார்ட்டாவையும் வீட்டுக்கு அனுப்பியது. ஸ்பெயின் வென்ற மேடையில் அந்த நாட்டுக் கால்பந்துச் சங்கத் தலைவர் ஒரு வீராங்கனையைச் சம்மதமில்லாமல் முத்தமிட்டது எல்லோருக்கும் தெரியும். கோல் போட்ட ஓல்கா கார்மோனாவை விட அந்தத் தலைவரின் பெயர்தான் செய்தியில் அதிகம் அடிபட்டது. அதனால் இங்கே எழுதமாட்டேன்.

ஒரு சொந்தக் கதை. 2022 அக்டோபர் 30, 17 வயதுக்குட்பட்டோர் மகளிர் உலகக் கோப்பை இறுதி ஆட்டம் எங்கள் நவி மும்பையில். ஸ்பெயின் 1, கொலம்பியா 0. நண்பன் கையில் மிச்சமிருந்த டிக்கெட்டில் போனேன். கொலம்பியாவில் ஒரு பெண் இடது பக்கம் பந்தை எடுத்துக்கொண்டு போகும்போதெல்லாம் எங்கள் வரிசையே எழுந்து நின்றது. யார் என்று பக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டேன், லிண்டா கைசேடோ. ஒன்பது மாதம் கழித்து சிட்னியில் அதே பெண் ஜெர்மனிக்கு எதிராக இரண்டு பேரை ஏமாற்றி மேல் மூலையில் அடித்த கோலைத் தொலைக்காட்சியில் பார்த்து, 'இவளை நான் நேரில் பார்த்திருக்கிறேன்' என்று வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன். யாரும் கண்டுகொள்ளவில்லை.

ஆஃப்சைடு அய்யாசாமி:
இரண்டு நாள் யோசித்தேன். ஸ்டாப்பர் தம்பி சொன்ன ஆஸ்புரூக் மேட்டர் உறுத்திக்கொண்டே இருந்தது. ஆனாலும் எனக்கு ஒரு எதிர்க்கேள்வி இருக்கிறது. 1971 அவ்வளவு பெரிய வெற்றி என்றால் ஏன் 1972-இலோ 73-இலோ அடுத்தது நடக்கவில்லை? ஒரு லட்சம் பேர் வந்த வியாபாரத்தை யார் கைவிடுவார்கள்?

பழைய ஸ்டாப்பர்:
இதுதான் சரியான கேள்வி அண்ணே. முழுப் பதிலும் ஒரே காரணத்தில் இல்லை.

மெக்சிகோ அணியில் அலிசியா வர்காஸ் என்று ஒரு நட்சத்திரம், 'பெலே' என்றே பட்டப்பெயர். இறுதி ஆட்டத்துக்கு முன்னால் அந்த அணியினர் எங்களுக்கும் பணம் வேண்டும் என்று கேட்டார்கள். மைதானம் நிறைகிறது, டிக்கெட் விற்கிறது, ஆடுகிறவளுக்கு மட்டும் ஒன்றும் இல்லை என்றால் கேட்கத்தானே செய்வார்கள்? பத்திரிகைகள் பேராசை என்று எழுதின. நேற்று வரை தலையில் வைத்துக் கொண்டாடிய கூட்டம் திரும்பிவிட்டது. கடைசியில் பணம் இல்லாமலே ஆடினார்கள். தொடர் முடிந்ததும் அங்கே யாரும் அவர்களைத் தொடரவில்லை. ஐரோப்பாவில் ஒவ்வொரு நாட்டுச் சங்கமும் பெண்கள் கால்பந்தைத் தன் குடைக்குள் இழுத்துக்கொண்டது. தடையை நீக்கியது நல்லது, ஆனால் வெளியே தனியாக நடத்தியவர்களுக்கு அதோடு வழி அடைத்தது. உள்ளே எடுத்தவர்கள் உலகக் கோப்பை நடத்த இருபது வருஷம் எடுத்துக்கொண்டார்கள்.

அதுவும் தானாக நடக்கவில்லை. 1986-இல் ஃபிஃபா பேரவையில் நார்வேயின் எலன் வில்லே என்ற பெண்மணி மேடையேறி, பெண்களுக்கு உலகக் கோப்பை எங்கே என்று கேட்டார். பேரவை நடந்த ஊர் எது தெரியுமா? மெக்சிகோ சிட்டி. 1988-இல் குவாங்டாங்கில் 12 அணிகளை வைத்து ஒரு வெள்ளோட்டம், நார்வே சுவீடனை 1-0 என்று வென்றது. அது நன்றாகப் போகவே 1991.

ஆஃப்சைடு அய்யாசாமி:
அஸ்டெக்கா இருக்கும் ஊரிலேயே போய் நின்று கேட்டிருக்கிறார். சரி.

பாலக்காட்டு எக்ஸ்பிரஸ்:
2027 உலகக் கோப்பை பிரேசிலில். 1979 வரை பெண்கள் பந்தைத் தொட்டால் சட்டவிரோதம் என்றிருந்த நாடு.

வெள்ளைக்கோடு:
எல்லோருக்கும் நன்றி. வினாடி வினா முடிந்துவிட்டது. கேள்வியை இப்படி மாற்றினேன்: 'ஃபிஃபா நடத்திய முதல் மகளிர் உலகக் கோப்பை எந்த ஆண்டு? அதற்கு முன் 1,10,000 பேர் பார்த்த மகளிர் இறுதி ஆட்டம் எந்த நாட்டில் நடந்தது?' ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். 80 நிமிஷக் கேள்வியும் வைத்தேன், யாருக்கும் தெரியவில்லை. விடையைச் சொன்னதும் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரே கூச்சல்.

ஒரு சிக்கல் மட்டும். ஒன்பதாம் வகுப்பு அணி 'ஃபிஃபா நடத்தியது 1991, ஆனால் முதல் உலகக் கோப்பை 1970, இத்தாலி, டூரின் இறுதி ஆட்டத்தில் டென்மார்க் இத்தாலியை 2-0 என்று வென்றது' என்று எழுதியிருக்கிறது. நீங்கள் யாருமே 1970 பற்றிச் சொல்லவில்லையே! சக ஆசிரியரும் முழிக்கிறார். இதற்கு எத்தனை மதிப்பெண் போடுவது?

பழைய ஸ்டாப்பர்:
ஐயோ. 1970-ஐ விட்டுவிட்டேன். அதே டென்மார்க், அதே மார்ட்டினி பணம். தப்பு என்னுடையது.

ஆஃப்சைடு அய்யாசாமி:
முழு மதிப்பெண் போடுங்கள் மேடம். யாராவது கேட்டால் அய்யாசாமி சொன்னான் என்று சொல்லுங்கள்.